'வேண்டாங்க மாமா': மறுக்கப் பழகும் வகுப்பறை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உடல் நலம் மற்றும் நோய்கள்' என்ற பாடம் கடைசிப் பகுதியில் வருகிறது. புகையிலை, மது, போதை மருந்து எல்லாம் அதில் உண்டு. நாம் அதைத் தொடும்போது திருப்புதல் தேர்வு நெருங்கியிருக்கும். மதுவால் கல்லீரலுக்கு என்ன ஆகும், நிகோடின் நரம்பில் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அப்படி எழுதிய பையனே அடுத்த மாதம் ஊர் நோம்பியில் சித்தப்பா நீட்டும் டம்ளரை வாங்கிக்கொள்ளலாம். கல்லீரல் பற்றிய பாடம் அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வராது. சித்தப்பாவின் முகம்தான் அவன் கண்முன் நிற்கும்.

பாடம் வரும் காலமும் பிந்தியது. 2019இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லும் புகையிலை பழகியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடம் வரை காத்திருப்பது நியாயமாகப் படவில்லை. அதனால் கடந்த சில ஆண்டுகளாக எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் நீதிபோதனைப் பாடவேளைகளை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். அங்கே செய்து பார்த்தவற்றையும், ஏன் அப்படிச் செய்கிறேன் என்பதையும் எழுதுகிறேன்.

பயமுறுத்தினால் போதுமா?

வழக்கமாக நாம் செய்வது தெரிந்ததுதான். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு சிறப்புரை, வாய்ப்புற்றுநோய்ப் படங்கள், காவல்துறை அலுவலரின் எச்சரிக்கை, குடியிலிருந்து மீண்ட ஒருவரின் அனுபவம், கடைசியில் உறுதிமொழி. 2022 ஆகஸ்ட் 11 அன்று 'போதைப்பொருட்கள் இல்லா தமிழ்நாடு' உறுதிமொழியை மாநிலம் முழுவதும் மாணவர்கள் எடுத்தது நல்ல தொடக்கம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய கைதட்டலோடு வேலை முடிந்துவிடக் கூடாது.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல், உலகெங்கும் நடந்த தடுப்பு முயற்சிகளின் ஆய்வுகளைத் தொகுத்துச் சில நெறிகளை வெளியிட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து அதைப் புதுப்பித்தது. சொற்பொழிவு மட்டும், தகவல் மட்டும், அச்சமூட்டுவது மட்டும் என அமையும் வகுப்புகளால் பலன் இல்லை, சில நேரம் எதிர்விளைவும் உண்டு என்கிறது அது. பழகி மீண்டவரை மேடையேற்றுவதும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. 'அவர் எல்லாம் பண்ணிட்டு இன்னைக்கு மேடையில நல்லாத்தானே நிக்கறாரு' என்று ஒரு பையன் நினைத்தால் நாம் என்ன பதில் சொல்வது? அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காவலர்களைக் கொண்டு வகுப்பெடுக்கும் 'டேர்' என்ற திட்டம் தொடங்கி நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகளில், அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் பழக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். சோமனூர், பல்லடம் பக்கத்தில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்குத் தறிச் சத்தம் பள்ளி மணியைப் போலப் பழகியது. வளரிளம் பருவத்து மூளையை நான் தறியை வைத்தே விளக்குகிறேன். ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்த ஓர் அமைப்பு உண்டு. அது சரியில்லாவிட்டாலும் தறி ஓடும், துணியும் வரும், ஆனால் பழுதுத் துணி. ஆசையையும் வேகத்தையும் தூண்டும் மூளைப் பகுதி பதின்ம வயதில் முழு வேகத்தில் ஓடுகிறது. 'நில், யோசி' என்று நிறுத்தும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டி மேலும் சில ஆண்டுகள் ஆகும். நண்பர்கள் சுற்றி நிற்கும்போது அந்த வேகம் இன்னும் கூடும். முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் புற்றுநோயைக் காட்டி இந்த வயதினரை நிறுத்த முடியாததற்கு இதுவே காரணம். கூட்டத்தின் நடுவில் சொல்ல வேண்டிய வார்த்தை முன்பே வாயில் பழகியிருக்க வேண்டும்.

புளியங்கொட்டைக் கணக்கு

பதின்ம வயதினரைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் 'எல்லாரும் பண்றாங்க' என்ற எண்ணம்தான். அது உண்மையா என்று வகுப்பிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் ஓர் எண்ணை மட்டும் எழுத வேண்டும்: 'நம் வகுப்பில் கடந்த 30 நாளில் புகையிலையோ மதுவோ ஒருமுறையாவது தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?' பெயர் வேண்டாம். எல்லா எண்களையும் கூட்டிச் சராசரி காண்பது ஒரு மாணவர் குழுவின் வேலை. அடுத்து ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. மூலையில் வாய் குறுகிய இரண்டு மண்பானைகள். அதே கேள்விக்கு 'ஆம்' என்றால் புளியங்கொட்டையும் 'இல்லை' என்றால் வேப்பங்கொட்டையும் கணக்குப் பானைக்குள் போக வேண்டும். மிஞ்சியது கழிவுப் பானைக்கு. மூடிய கையோடு வந்து போட்டுவிட்டுப் போவார்கள். உத்திரமேரூர்க் குடவோலையைப் படித்த பிள்ளைகள், இதற்கு விளக்கமே வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் வேப்பங்கொட்டைக்கும் பஞ்சமில்லை.

எழுத்தில் கேட்டால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று பயப்படுவார்கள். கொட்டைக்குக் கையெழுத்து இல்லை. எங்கள் வகுப்பில் ஊகத்தின் சராசரி பாதி வகுப்பைத் தொட்டது. பானையைக் கவிழ்த்தபோது புளியங்கொட்டைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. 'இவ்வளவுதானா டீச்சர்?' என்று ஒருவன் எழுந்து வந்து மறுபடி எண்ணினான். ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்த எண்ணிக்கை செய்தது. தொடாத பிள்ளைகள், தாங்கள்தான் பெரும்பான்மை என்று அன்றுதான் அறிந்தார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. பானையை நீங்கள் முதலில் தனியாக எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை நிஜமாகவே கூடுதலாக இருந்தால் வகுப்பில் அறிவிக்க வேண்டாம். அது தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டிய தகவல். இன்னொன்று, கேள்வியில் எந்தப் பொருளின் பெயரையும் கூட்டாதீர்கள். கோவை, திருப்பூர் பக்கத்தில் கஞ்சாவோடு வலி நிவாரண மாத்திரைகளும் பறிமுதல் செய்யப்படும் செய்திகளை நாளிதழில் பார்க்கிறோம். 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வில், முகர்ந்து போதையேற்றும் பொருள்கள் மட்டுமே பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. இவற்றை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பொருள், எப்படி என்று வகுப்பில் விவரித்தால் அதுவே செய்முறைப் பாடமாகிவிடும்.

ஒரு மடக்குதானே!

அடுத்த இரண்டு பாடவேளையும் நடிப்பு. நம் பகுதியில் முதல் டம்ளரை நீட்டுவது முகம் தெரியாத விற்பனையாளர் அல்லர். மாமா, மச்சான், பெரியம்மா மகன், தறிக்குடோனில் கூட வேலை செய்யும் அண்ணன். இடமும் பெரும்பாலும் கிடா விருந்து, கல்யாண வீட்டு முதல் நாள் இரவு, நோம்பி. பாசத்தோடுதான் நீட்டுகிறார்கள். மறுப்பதும் அதனால்தான் கடினம். 'தீய நண்பர்களிடம் சேராதே' என்ற அறிவுரை மாமாவிடம் எப்படிச் செல்லும்?

ஒருவன் மாமா, ஒருவன் மருமகன். 'மாப்ளே, ஒரே ஒரு மடக்குடா. ஆம்பளப் பையன்தானே நீ?' இதற்குப் பதில் சொல்ல வேண்டும். உறவு கெடக் கூடாது, டம்ளரும் கைக்கு வரக் கூடாது. நான் எழுதிவைத்திருந்த பதில்களைவிடப் பிள்ளைகள் சொன்னவை நன்றாக இருந்தன. 'வேண்டாங்க மாமா, நாளைக்குக் கபடி இருக்குதுங்க.' 'ஊட்டுக்குப் போனா எங்கம்மா வாய மோந்து பாக்குமுங்க.' 'நான் வண்டியில தம்பியக் கூட்டிட்டுப் போவோணுமுங்க.' பதினான்கு வயதில் வண்டி ஓட்டுவது பற்றி அவனிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது, அது வேறு கதை.

நடிக்கும்போது மாமா ஒருமுறை கேட்டு விட்டுவிடக் கூடாது. மூன்று முறை வற்புறுத்த வேண்டும், கேலி செய்ய வேண்டும். முதல் மறுப்பு எளிது, மூன்றாவதில்தான் பையன் தடுமாறுவான். அப்போது வகுப்பு உதவலாம். நீண்ட விளக்கம் சொல்பவன் தோற்பதையும், சிறிய பதிலையே திரும்பச் சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகர்பவன் தப்பிப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மாணவிகளையும் நடிக்கச் சொல்லுங்கள். தம்பியின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைக்கும் அக்காவின் பாத்திரம் எங்கள் வகுப்பில் அவர்களாக உருவாக்கியது.

ஒரு மாணவன் மட்டும் நடிக்காமல் நேராகவே சொன்னான்: 'எங்கப்பா குடிக்கறதே எங்க ஊட்டுக்குப் போதுமுங்க.'

வகுப்பு அமைதியாகிவிட்டது. தந்தை குடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். 'குடிகாரர்கள் கெட்டவர்கள்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் தலை குனிகிறது. குடி ஒரு குடும்பத்தின் வெட்கம் மட்டுமன்று, ஊரே சேர்ந்து எதிர்கொண்ட கேள்வி என்பதைக் காட்ட நமக்கு நம் மண்ணின் வரலாறே இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியார் கைதானபின் அதை முன்னெடுத்தவர்கள் அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது ராஜாஜி முதல்வராக இருந்தபோது, அன்றைய சேலம் மாவட்டத்தில். இதைச் சமூக அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளை எடுத்தார். அந்த மாணவனை நான் தனியே அழைத்துச் சொன்னது ஒன்றுதான்: அப்பா குடிப்பதற்கு நீ காரணமில்லை, அதை நிறுத்துவதும் உன் பொறுப்பில்லை. அவன் கேட்டுக்கொண்டான், எதுவும் பேசவில்லை.

நூறு கெஜம் என்பது எவ்வளவு?

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. வாசல் பலகையில் நாமும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் 100 கெஜம் எங்கே முடிகிறது என்று கேட்டால் பல பள்ளிகளில் பதில் இராது.

இது அருமையான கணக்குப் பாடம். ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஆக 91.44 மீட்டர். அதை வாசலிலிருந்து சாலை வழியே அளக்கக் கூடாது. விதிப்படி சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். எட்டாம் வகுப்பினர் 1 செ.மீ.க்கு 10 மீட்டர் என்ற அளவுத்திட்டத்தில் பள்ளி வரைபடம் போட்டார்கள். வட்டம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்க்க, மூலைகள் வளைந்த செவ்வகம் வந்தது. ஏன் என்பதற்கு அரை மணி நேர விவாதம். பள்ளிக்குப் பின்புறம் இருந்த ஒரு பெட்டிக்கடை சாலை வழியே 150 மீட்டருக்கு மேல், நேர்க்கோட்டில் 70 மீட்டர்கூட இல்லை.

இங்கே உறுதியாக இருக்க வேண்டியது ஒன்று: பிள்ளைகள் எந்தக் கடைக்காரரிடமும் போய்ப் பேசக் கூடாது, ஒளிந்து நின்று கண்காணிக்கவும் கூடாது. வரைபடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போயிற்று. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தீர்மானம் போட்டு ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பியது அம்மாக்கள்தான். கடைக்கு முன்னால் சரமாகத் தொங்கியது காணாமல் போனது. உள்ளே இருக்கிறதா என்று நாங்கள் துப்பறியவில்லை.

டி.சி. தீர்வா?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் திங்கட்கிழமைகளில் வருவதில்லை. வந்தால் முதல் பாடவேளையிலேயே தூக்கம். கணக்கில் கெட்டி, அதுவும் சரிந்தது. இவையெல்லாம் போதைக்கான அடையாளம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பசி, வீட்டுச் சண்டை, இரவு வேலை எதுவும் காரணமாக இருக்கலாம். ஒருநாள் அவன் பையிலிருந்து உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம் விழுந்தது.

ஆசிரியர் அறையில் 'டி.சி. கொடுத்து அனுப்பிடலாம், மத்த பசங்களும் கெட்டுருவாங்க' என்ற குரல் எழுந்தது. அந்தக் கவலையில் அர்த்தம் உண்டு, நாற்பது பேரைப் பார்க்க வேண்டியவர்கள் நாம். ஆனால் பள்ளியை விட்டுப் போகும் பையன் எங்கே போவான்? அதே பொட்டலம் கிடைக்கும் இடத்துக்கு, இனி முழு நேரமும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தின் பார்வையில் குற்றவாளி கொடுத்தவர். வாங்கிய பிள்ளையை நாம் தண்டித்து அனுப்புவது எப்படிச் சரியாகும்? இதைத்தான் வாதாடினேன். தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார்.

அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து மாலை ஏழு மணிக்கு வந்தார். குற்றப்பத்திரிகை வாசிக்காமல், பையன் கணக்கில் எப்படி இருந்தான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினோம். சனி, ஞாயிறு இரவுகளில் அவன் ஒரு தறிக்குடோனில் தார் சுற்றப் போகிறான். தூக்கம் வராமலிருக்க அங்கே பெரியவர்கள் பழக்கிவிட்டது அது. 'வாரம் முன்னூறு ரூவா கொண்டாறான், வேண்டாம்னு எப்படிங்க டீச்சர் சொல்றது?' என்றார் அம்மா. பிரச்சினையின் வேர் அங்கே இருந்தது. இரவு வேலை நிற்காமல் பொட்டலம் நிற்காது. அம்மா மூன்று வாரம் கழித்துத்தான் சம்மதித்தார்.

அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நிகோடினை விட்ட முதல் இரண்டு வாரம் எரிச்சல், கவனச் சிதறல், தூக்கமின்மை இருக்கும் என்று மருத்துவர் சொன்னதைப் பாட ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். அந்த நாட்களில் அவன் சுள்ளென்று பேசினால் வகுப்புக்கு வெளியே அனுப்ப வேண்டாம் என்பது ஏற்பாடு. அவன் இரண்டு முறை மறுபடியும் தொட்டான். மூன்றாவது முறை நின்றது. இப்போது பத்தாம் வகுப்பு, பெரும்பாலான திங்கட்கிழமைகளில் இருக்கிறான்.

சனிக்கிழமைக் கூலி கொங்கு நாட்டுப் பிள்ளைகளின் தனிச் சிக்கல். வேலை எளிதில் கிடைக்கிறது, பதினான்கு வயதில் கையில் பணம் புழங்குகிறது, பெற்றோர் இருவரும் ஷிப்டில். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வீட்டில் யாரும் இல்லை. ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 ஆகக் குறைந்தது. அங்கே செய்தவற்றில் முக்கியமானது, மாலை நேரத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பியதும் பெற்றோரைக் கூட்டிப் பேசவைத்ததும். அந்நாட்டின் பணவசதி நமக்கில்லை. மைதானமும் ஒரு வாலிபாலும் நமக்கு உண்டு. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வாரம் மூன்று நாள் ஆறரை வரை இருக்கிறார். முன்னாள் மாணவர்கள் இருவர் மற்ற நாட்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு ஆறு பாடவேளை போதும். பானைக்கு ஒன்று, நடிப்புக்கு இரண்டு, வரைபடத்துக்கு இரண்டு, வரலாற்றுக்கு ஒன்று. உதவி எண்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி, பிள்ளைகளின் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதவையுங்கள்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித்துறை உதவிக்கு 14417, விற்பனை பற்றிய புகாருக்கு 10581. கடைசி எண்ணுக்குப் பேச வேண்டியது பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல.

நடிப்பு வகுப்பை மட்டும் ஆண்டுக்கு இருமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீபாவளிக்கு முந்தைய வாரம். மற்றொன்று முழுப் பரீட்சை லீவு விடுவதற்கு முன். லீவில் நோம்பியும் கல்யாணமும் வரும், தறிக்குடோன் வேலையும் வரும், நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.